சிட்டையும் பேரேடும் டர்பன் கடைத்தெருவும்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடம் மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பற்று, வரவு தவிர இவர் என்ன பேசிவிடப் போகிறார் என்று ரேடியோவை அணைத்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து இந்தியக் கடைக்காரர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பேரேடு அதிலும் வரும். கடைசியில் அந்த ஊர்ச் சாப்பாடு ஒன்றையும் சொல்கிறேன்.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரை டர்பனில் இறக்கியது. கரும்புத் தோட்ட வேலைக்காக ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பாமல் காய்கறி பயிரிட்டுக் கூடையில் சுமந்து விற்றார்கள். அப்புறம் குஜராத்தி வியாபாரிகள் சொந்தக் காசில் கப்பலேறி வந்தார்கள். கிரே தெருப் பக்கம் கீழே கடை, மேலே வீடு என்று அமைந்தது. துணிக்கடை முதலாளியும் கீரைக்கூடைக்காரரும் ஒரே ரகமில்லை. ஆனால் வெள்ளைக்கார நகர சபையின் கண்ணுக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

வெள்ளை வியாபாரிகளுக்கு இவர்கள் மேல் ஏன் அத்தனை எரிச்சல்? உங்கள் தெருமுனை மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சில்லறையாக நிறுத்துக் கொடுப்பார், கடன் நோட்டில் எழுதிக்கொள்வார், வீட்டு ஆட்களே கல்லாவில் உட்காருவார்கள், கொஞ்சம் லாபம் கிடைத்தால் போதும் என்பார். அப்படிப்பட்ட கடைக்குப் பக்கத்தில் பெரிய கடை வைத்தவருக்குத் தூக்கம் வருமா?

சரி, என்னுடைய பேரேடு இங்கேதான் வருகிறது. 1897இல், டர்பன் இருக்கும் பகுதியான நேட்டாலில், வியாபார லைசென்ஸ் சட்டம் ஒன்று வந்தது. இந்தியர் என்ற சொல்லே அதில் கிடையாது! கணக்குப் புத்தகத்தை ஆங்கிலத்தில் எழுதத் தெரிய வேண்டும், கடை சுகாதாரமாக இருக்க வேண்டும், இதில் அதிகாரி திருப்திப்பட வேண்டும் என்று மட்டும் இருக்கும். படித்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் குஜராத்தி வியாபாரி தலைமுறை தலைமுறையாகத் தன் மொழியில் சிட்டை என்ற அன்றாடக் கணக்கும் பேரேடும் எழுதியவர். ஒரு தம்படி தப்பாது. அந்தக் கணக்கு செல்லாதாம். கணக்குக்கு மொழி உண்டா என்று முப்பது வருடமும் வகுப்பில் கேட்டிருக்கிறேன். இப்போதும் கேட்கிறேன்.

காந்தி 1893இல் டர்பனுக்குப் போனது ஒரு வியாபார வழக்குக்காக. அந்தக் கணக்குகளில் 'பி நோட்' என்று வருகிறது. பாரிஸ்டருக்கு அது என்னவென்று தெரியவில்லை. கடைக் குமாஸ்தாவிடம் கேட்டார். நம் ஊரில் புரோநோட்டு என்கிறோமே, அதுதான். உடனே கணக்குப்பதிவியல் புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். இதைச் சொல்லாமல் நான் ஒரு வருடமும் பாடத்தை ஆரம்பித்ததில்லை.

சட்டத்துக்கு வருவோம். லைசென்ஸ் வருடா வருடம் வாங்க வேண்டும். கொடுப்பவர் நகர சபை நியமித்த அதிகாரி. அவர் மறுத்தால் மேல்முறையீடு யாரிடம்? அதே நகர சபையிடம். சபையில் உட்கார்ந்திருப்பவர்களில் எதிர்க்கடை முதலாளிகளும் உண்டு. உங்கள் கடை திறக்கலாமா கூடாதா என்பதை எதிர்க்கடைக்காரர் முடிவு செய்கிறார்!

1898இல் சோம்நாத் மகராஜ் என்பவருக்கு டர்பனில் லைசென்ஸ் மறுத்தார்கள். கூலியாக வந்து, ஒப்பந்தம் முடித்துச் சொந்தக் காலில் நின்றவர். ஏன் மறுத்தீர்கள் என்றால் காரணம் சொல்லவில்லை. ஆவணத்தின் நகல் கேட்டார், அதுவும் இல்லை. அவர் உச்ச நீதிமன்றம் போனார். இது நகர சபைக்கே அவமானம் என்று ஒரு நீதிபதி கடிந்துகொண்டார், சபையின் முடிவு ரத்தானது. சபை மறுபடி விசாரித்தது. இந்த முறை காரணம் சொன்னார்கள். இந்த வகை வியாபாரத்துக்கு ஊரில் போதுமான கடைகள் இருக்கின்றனவாம், இவருக்கு டர்பன் மேல் உரிமையே இல்லையாம். லைசென்ஸ் கிடையாது. நேட்டாலிலேயே உள்ள நியூகாசில் ஊர் வியாபாரிகள் இன்னொரு வழக்கை, கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோனார்கள். அங்கேயும் தோல்வி. சட்டத்தில் வழி இல்லை என்றார்கள்.

அறிவிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 1949இல் டர்பனில் நடந்த கலவரத்தைப் பற்றி நிறைய வைத்திருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். அப்போது ஆப்பிரிக்கர் ஒருவர் நகரத்தில் கடை வைப்பது அநேகமாக நடக்காத காரியம். அவர் தினமும் கண்ணால் பார்க்கும் முதலாளி, கிரே தெரு இந்தியர். சட்டம் எழுதிய வெள்ளைக்காரரை அவர் பார்ப்பதே இல்லை. சில இந்தியக் கடைக்காரர்கள் ஆப்பிரிக்கர்களை மரியாதையாக நடத்தவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. அந்த ஜனவரி 13 அன்று ஒரு கடைக்காரருக்கும் ஓர் ஆப்பிரிக்கச் சிறுவனுக்கும் ஏற்பட்ட தகராறு கலவரமாகி, 142 பேர் செத்தார்கள். 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். மறு வருடமே இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் வந்தது. குடும்பங்களைப் பெயர்த்து சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். அதற்கு நேரமில்லை.

சாப்பாடு சொல்கிறேன் என்றேனே, பன்னி சௌ. ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றி, குடைந்தெடுத்த துண்டையே மேலே வைத்துத் தருவார்கள். ஆப்பிரிக்கர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாத காலத்தில், கையில் வாங்கிப் போவதற்காகக் கண்டுபிடித்தது என்பார்கள். யார் முதலில் செய்தது என்று அங்கே இன்னும் சண்டை. 'குவார்ட்டர்' என்று கேட்டால் கால் ரொட்டி வரும். நீங்கள் நினைத்தது வராது. நேரம் முடிந்தது என்று ஸ்டூடியோ விளக்கு எரிகிறது. வணக்கம்.