சொத்தைப் பல்லும் அண்ணன் தம்பியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பாட்டுக்குழுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆனால் பேச்சை ஒரு சொத்தைப் பல்லில் தொடங்க வேண்டியிருக்கிறது.

2012-ஆம் ஆண்டு கோடையில் ஃபில் ஆல்வின் என்ற அமெரிக்கப் பாடகர் கச்சேரிகளுக்காக ஸ்பெயின் போயிருந்தார். அப்போது அவருக்கு வயது 59. பல்லில் சீழ் பிடித்து, தொற்று தொண்டைக்கு இறங்கி, தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. இதயம் நின்றே போனது. மருத்துவர்கள் தொண்டையில் துளை போட்டு ஆளை மீட்டார்கள். செய்தி கலிஃபோர்னியாவில் இருந்த தம்பி டேவ் ஆல்வினுக்குப் போனது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு முழு ஆல்பம் செய்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடிதடி வரைக்கும் போன சகோதரர்கள். அதுவும் மேடையிலேயே.

இந்த இருவரும் சேர்ந்து நடத்திய குழுவின் பெயர் 'தி பிளாஸ்டர்ஸ்'. இவர்கள் வாசித்தது ராக்கபிலி, கறுப்பினத்தவரின் பாட்டான ப்ளூஸ், நாட்டுப்புறப் பாட்டு எல்லாம் கலந்த ஒரு பழைய சரக்கு. இப்போது அதை ரூட்ஸ் ராக் என்கிறார்கள். இவர்கள் கதைக்குள் போகுமுன் ராக்கபிலி என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர்களைப் பழுது பார்த்துப் பிழைத்தவன். அதனால் இந்த இசைக்குள் நான் நுழைந்த வாசலும் ஒரு இயந்திரம்தான்.

ராக் என்ற சொல்லையும் ஹில்பில்லி என்ற சொல்லையும் ஒட்டிய பெயர் அது. ஹில்பில்லி என்றால் மலைப்பக்கத்துப் பட்டிக்காட்டான், கேலிச் சொல். 1954 ஜூலை 5-ஆம் தேதி மெம்ஃபிஸ் நகரத்தில், யூனியன் அவென்யூ 706-ஆம் எண் கட்டடத்தில், சாம் ஃபிலிப்ஸ் என்பவரின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்று பேர் கூடினார்கள். பாடியவர் எல்விஸ் பிரெஸ்லி, மின்சாதனக் கம்பெனி ஒன்றில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த 19 வயதுப் பையன். கிட்டார் வாசித்த ஸ்காட்டி மூர் பகலில் சலவைக் கடையில் தொப்பிகளுக்கு வெளுப்பு வேலை பார்த்தவர். டபுள் பாஸ் வாசித்த பில் பிளாக் டயர் தொழிற்சாலைக்காரர். டிரம்ஸ் கிடையாது. வெளிவந்த இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பினக் கலைஞரின் ப்ளூஸ் பாட்டு. மறுபக்கத்தில் பில் மன்றோ என்ற வெள்ளைக்காரரின் நாட்டுப்புறப் பாட்டு. நிதானமாக மூன்று எண்ணிக்கையில் போனதை இவர்கள் பிடித்து ஓட வைத்திருந்தார்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத ஊரில், அவர்கள் பாட்டுகள் ஒரே தட்டின் இரண்டு பக்கங்களில் வந்தன.

சரி, டிரம்ஸ் இல்லாமல் தாளம் எங்கிருந்து வந்தது? பில் பிளாக்கின் வலது கையில் இருந்து. டபுள் பாஸ் ஆள் உயரத்துக்கு நிற்கும் வாத்தியம். அதன் கம்பியை விரலால் கொக்கி போட்டு வெளியே இழுத்து விடவேண்டும். அது விரல் பலகையில் 'டக்' என்று வந்து அடிக்கும். அடுத்து உள்ளங்கையால் கம்பிகளைப் பலகையோடு சேர்த்து ஒரு அறை. இழுப்பு, அறை, இழுப்பு, அறை. சுரமும் அதுதான், தாளமும் அதுதான். இதற்கு ஸ்லாப் என்று பெயர். விரல் தோல் உரிந்துவிடும் என்பதால் பல பாஸ்காரர்கள் விரல்களில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் மேடை ஏறுவார்கள். இதே கூடத்தில் பதிவு செய்த பாடகர் ஜானி கேஷ், டிரம்ஸ் இல்லாத குறைக்குத் தன் கிட்டார் கம்பிகளுக்கு இடையில் ஒரு காகிதத்தைச் செருகி வாசித்தார். சரசரவென்று டிரம் மாதிரியே கேட்கும். இல்லாத வாத்தியத்துக்கு இருப்பதை வைத்து ஒப்பேற்றியதில்தான் இந்த இசையின் பாதி அழகு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

மீதிப் பாதி எதிரொலி. ஸ்பூல் இயந்திரத்தில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். டேப் முதலில் பதியும் ஹெட்டைத் தாண்டி, அப்புறம்தான் வாசிக்கும் ஹெட்டுக்கு வரும். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. பதிந்துகொண்டிருக்கும்போதே மானிட்டர் சுவிட்சை டேப் பக்கம் தள்ளினால், நாம் பேசியது ஒரு கணம் தள்ளி நம் காதில் விழும். புதிதாக வேலைக்கு வந்த பையன்களை ஹெட்போன் மாட்டிப் பேசச் சொல்லி, இந்தச் சுவிட்சைத் தள்ளிவிட்டு வேடிக்கை பார்ப்போம். நாக்கு குழறிவிடும். சாம் ஃபிலிப்ஸ் அந்தத் தாமதத்தையே எடுத்து, இரண்டாவது ஆம்பெக்ஸ் டேப் இயந்திரத்தின் வழியாகச் சுற்றி அனுப்பி, அசல் குரலோடு கலந்துவிட்டார். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான தாமதம், அவ்வளவுதான். மூன்று பேர் வாசிப்பது ஒரு கூட்டம் வாசிப்பதுபோல ஆகிவிட்டது. நாங்கள் விளையாட்டுக்குச் செய்ததை அந்த மனிதர் ஒரு இசைவகையின் அடையாளமாகவே ஆக்கிவிட்டார்.

அந்த முதல் அலை சில வருடங்களில் ஓய்ந்துவிட்டது. ராக்கபிலிப் பாடகர் கார்ல் பெர்க்கின்ஸ் நியூயார்க்குக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போகும் வழியில், 1956 மார்ச்சில், கார் விபத்தில் சிக்கினார். அவருடைய பாட்டு நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். பலர் சொந்த ஊர் திரும்பி வேறு வேலை பார்த்தார்கள். ரே கேம்பி என்ற பாஸ்காரர் பள்ளிக்கூட ஆசிரியரானார். ஸ்லீப்பி லபீஃப் என்றொருவர்; ஆயிரக்கணக்கான பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருந்ததால் மனித ஜூக்பாக்ஸ், அதாவது காசு போட்டால் பாடும் பெட்டி, என்று பெயர் வாங்கியவர். 1977-இல் அவருடைய பேருந்து நடுவழியில் எரிந்துபோக, லாரிக்காரர்கள் தங்கும் ஒரு மதுக்கூடத்தில் வாசிக்க உட்கார்ந்தார். சில நாள் வேலை, வருடக்கணக்காக நீண்டது. 2019-இல் இறக்கும் வரை ஊர் ஊராக வாசித்துக்கொண்டேதான் இருந்தார்.

இப்போது ஆல்வின் வீட்டுக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தென்கிழக்கே டவ்னி என்ற ஊர். அப்போலோ விண்கலங்களைக் கட்டிய தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. அப்பா கேஸ் ஆல்வின் உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் அமைப்பாளர். ஃபில் 1953-இல் பிறந்தவர், டேவ் 1955-இல். 1960-களின் கடைசியில் இவர்கள் வயதுப் பையன்கள் எல்லாரும் பீட்டில்ஸ் பின்னால் ஓடிக்கொண்டிருக்க, இவர்கள் கிழவர்களைத் தேடிப் போனார்கள். ஹாலிவுட்டில் ஆஷ் குரோவ் என்று ஒரு சிறிய மன்றம். ப்ளூஸ் பாடகர்கள் வந்து வாசிக்கும் இடம். மீசை முளைக்காத வயதில் இருவரும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த ஊர்க்காரப் பையன்களுக்கு வாய்த்த வாத்தியார்களைப் பாருங்கள். பிக் ஜோ டர்னர்: கன்சாஸ் நகரில் மது ஊற்றிக்கொடுத்துக்கொண்டே மைக் இல்லாமல் பாடிப் பெயர் வாங்கிய ராட்சதக் குரல்காரர். 1954-இல் அவர் பாடிய பாட்டைத்தான் பில் ஹேலி பாடி ராக் அண்ட் ரோல் என்று உலகம் முழுக்கக் கொண்டுபோனார். இன்னொருவர் லீ ஆலன். ஃபேட்ஸ் டோமினோ, லிட்டில் ரிச்சர்டு இசைத்தட்டுகளில் நடுவே பாய்ந்து வரும் சாக்ஸபோன் பல சமயம் இவருடையதுதான். நியூ ஆர்லியன்ஸில் அந்தப் பதிவுகளைச் செய்தவர் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் குடியேறியிருந்தார். ஊர் மறந்துவிட்ட மனிதர்கள். இவர்களிடம் பையன்கள் பேசிப் பழகி, கூட நின்று வாசித்துக் கற்றார்கள்.

1979-இல் பிளாஸ்டர்ஸ் பிறந்தது. அண்ணன் பாட்டு, தம்பி லீட் கிட்டார், ஜான் பாஸ் என்பவர் பாஸ் கிட்டார் (பெயர்ப் பொருத்தம் தமிழில்தான்; அவர்கள் உச்சரிப்பில் இரண்டும் வேறு), பில் பேட்மன் டிரம்ஸ். அப்புறம் ஜீன் டெய்லர் பியானோவோடு வந்து சேர்ந்தார். ஃபில் கணிதம் படித்து, கணிதம் சொல்லிக்கொடுத்தவர். டேவ் சாப்பாட்டுக் கடையில் பொரியல் சட்டி முன்னால் நின்றவர். முதல் ஆல்பத்தை 1980-இல் வெளியிட்டது ராலின் ராக் என்ற குட்டி நிறுவனம். அதை நடத்திய ரோனி வைசர், ஊர் மறந்த ராக்கபிலிக்காரர்களைத் தேடிப் பிடித்துத் தன் வீட்டிலேயே பதிவு செய்த பைத்தியக்காரர். நான் சொன்ன பள்ளி ஆசிரியர் ரே கேம்பி மறுபடி பாஸைத் தூக்கியதும் இவரால்தான். தூக்கியது மட்டும் இல்லை, மேடையில் அதன்மேல் ஏறி நின்றே வாசிப்பார்.

டேவ் அந்த ஆல்பத்துக்கு எழுதிய 'மரீ மரீ' என்ற பாட்டை ஷேக்கின் ஸ்டீவன்ஸ் என்ற வேல்ஸ் பாடகர் பாடி, இங்கிலாந்துப் பட்டியலில் முதல் இருபதுக்குள் கொண்டுபோனார். அதே ஆண்டு இங்கிலாந்தின் பெரிய ராக் குழுவான குவீன் அமெரிக்க மேற்குக் கரைக் கச்சேரிகளில் இவர்களை முன்னால் வாசிக்கக் கூப்பிட்டது. குவீன் ரசிகர்களுக்கு இவர்கள் யார் என்றே தெரியாது. கூச்சல் போட்டு, கையில் கிடைத்ததை எல்லாம் எறிந்தார்கள். இவர்கள் வாசித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

பிளாஸ்டர்ஸ் மேடையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் லீ ஆலன் அங்கே நின்றதுதான். ஐம்பது வயதைத் தாண்டிய அவர், முப்பதைத் தொடாத இவர்களோடு, பங்க் இசை மன்றங்களில், வியர்வையில் குளித்துக் குதிக்கும் கூட்டத்தின் முன்னால் வாசித்தார். வாத்தியாரை நினைவுகூர்ந்து விழா எடுக்கவில்லை, சம்பளம் கொடுத்து மேடையில் நிறுத்தினார்கள். அவருக்குப் பக்கத்தில் ஸ்டீவ் பெர்லின் என்ற இளைய சாக்ஸபோன்காரர். அவர் பிறகு லாஸ் லோபோஸ் குழுவுக்குப் போனார். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் மெக்சிக வம்சாவளிப் பையன்களான அந்தக் குழுவை, தங்கள் இசைத்தட்டு நிறுவனத்திடம் பரிந்துரைத்து ஏற்றிவிட்டதும் இந்த ஆல்வின் சகோதரர்கள்தான். பிளாஸ்டர்ஸைவிட லாஸ் லோபோஸ் பெரிய பேர் வாங்கியது. அதற்காக இவர்கள் முகம் சுளித்ததாக நான் எங்கும் கேட்டதில்லை.

1983-இல் வந்த 'நான் ஃபிக்ஷன்' ஆல்பம்தான் இவர்கள் செய்ததில் சிறந்தது என்பேன். அதில் நீண்ட வெள்ளைக் கெடிலாக் காரைப் பற்றி ஒரு பாட்டு. 1953 புத்தாண்டு அன்று கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்சீட்டிலேயே உயிர் விட்ட நாட்டுப்புறப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் பேசுவதுபோல டேவ் எழுதியது. பின்னால் டுவைட் யோக்கம் என்ற நாட்டுப்புறப் பாடகர் அதைப் பாடினார். 1985-இல் வந்த 'ஹார்டு லைன்' ஆல்பத்தில் எல்விஸுக்குப் பின்னணி பாடிய ஜோர்டனேர்ஸ் குழுவே வந்து பாடியிருக்கிறது. அந்தப் பாட்டுகள் தேன். ஆனால் எப்படியாவது ஒரு வெற்றிப் பாட்டு வேண்டும் என்ற கணக்கும் அதற்குள் நெளிகிறது. பாட்டு ஓடவில்லை. குழுவுக்குள் சண்டை முற்றியது. டேவ் கிளம்பிவிட்டார்.

சண்டைக்குக் காரணம் என்ன? எனக்குத் தோன்றுவது இது. டேவ் எழுதுவார், பாடமாட்டார். ஃபில் பாடுவார், எழுதுவது குறைவு. தம்பியின் வார்த்தைகள் எல்லாம் அண்ணன் வாயில். எத்தனை நாளைக்கு ஓடும்? தனியே போன டேவ் கரகரத்த குரலில் தானே பாடக் கற்றுக்கொண்டு, பழைய நாட்டுப்புறப் பாட்டுகளைத் தொகுத்த ஒரு ஆல்பத்துக்கு கிராமி விருதும் வாங்கினார். ஃபில் குழுவின் பெயரை விடாமல், வேறு கிட்டார்காரர்களை வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். இருவரையும் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்ட ஒரே கேள்வி, உன் கூடப் பிறந்தவனுக்கு என்ன ஆச்சு என்பது. 2011-இல் டேவ் அதையே பாட்டாக எழுதி, அண்ணனைக் கூப்பிட்டு, இருவரும் ஒருவரையொருவர் குத்திக்கொள்கிற மாதிரி பாடினார்கள். பனி கொஞ்சம் இளகிய அடையாளம். அடுத்த ஆண்டுதான் அந்தப் பல்.

அதற்குப் பிறகு டேவ் காத்திருக்கவில்லை. 2014-இல் இருவரும் பிக் பில் ப்ரூன்ஸி பாட்டுகளாகவே ஒரு முழு ஆல்பம் வெளியிட்டார்கள். சிறுவயதில் வீட்டில் சேர்ந்து கேட்ட ப்ளூஸ் பாடகர் அவர். சண்டை வரும்போதும் இருவரும் ஒத்துப்போகிற ஒரே ஆள் என்று அவரைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம். ஃபில் தொண்டையில் துளை போட்டு எழுந்த மனிதர் என்று தெரியாமல் கேட்டால் கண்டுபிடிக்க முடியாது. குரல் அதே கணீர். அடுத்த ஆண்டே இன்னொன்று; அதில் ஜோ டர்னர் பாட்டுகள் நான்கு. அவர் இறந்து 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. லீ ஆலன் 1994-இல் போய்விட்டார். பியானோ ஜீன் டெய்லர் 2021 பிப்ரவரியில், டெக்சஸ் மாநிலம் உறைந்து கிடந்த நாட்களில், ஆஸ்டின் நகரில் காலமானார். டேவே நடுவில் புற்றுநோயில் விழுந்து எழுந்தவர்.

உங்களுக்குக் கிடைத்தால் அந்த 2014 ஆல்பத்தின் முதல் பாட்டை மட்டுமாவது கேளுங்கள். ப்ரூன்ஸி எழுதிய குறும்புப் பாட்டு. எல்லாம் நானே தனியாளாகச் செய்தேன் என்று ஒருவன் பீற்றிக்கொள்வதுதான் அதன் பல்லவி. அதை அண்ணன் ஒரு அடி, தம்பி ஒரு அடியாக, மாறி மாறிப் பாடுகிறார்கள்.

வணக்கம்.