லக் அடிக்காத பயணங்களை நான் வீடியோவாகப் போடுவதில்லை

வணக்கம் மக்களே. திருநெல்வேலி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் அறிவிப்புச் சத்தம் வந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வீடியோவில் சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்ததைப் போட்டிருந்தேன். கமெண்டில் பாதிப் பேர் ஒரே கேள்வி: "உங்களுக்கு மட்டும் எப்படி ப்ரோ லக் அடிக்குது?" சரி, இன்று அதைப் பேசிவிடலாம்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது ஸ்லீப்பர் டிக்கெட் போட்டேன். 400 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்தது. வெயிட்டிங் லிஸ்ட் 38. எழும்பூரில் புறப்படும் வண்டிக்கு எழும்பூரிலிருந்தே எடுத்தால் பொது வெயிட்டிங் லிஸ்டில் சேர்ப்பார்கள், அது நகரும். நடுவில் ஒரு ஊரிலிருந்து எடுத்தால் வேறு பட்டியல், பெரும்பாலும் அசையாது. இதில் லக் ஒன்றுமில்லை, தெரிந்துவைத்திருந்தால் போதும். சார்ட், அதாவது பயணிகளின் இறுதிப் பட்டியல், போட்டபோது ஆர்.ஏ.சி. ஆகியிருந்தது. ஒரே பெர்த்தை இரண்டு பேர் பகிர்ந்து உட்கார வேண்டும்: சைடு லோயரில் பாதி எனக்கு, பாதி கோவில்பட்டி போகும் ஓர் அண்ணாச்சிக்கு.

முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "நீங்க காலை நீட்டிக்கிடுங்க தம்பி, எனக்கு எப்படியும் தூக்கம் வராது" என்றார். சொல்லிப் பத்து நிமிடம் ஆகவில்லை, குறட்டை. செங்கல்பட்டு தாண்டி டிடிஆர் வந்தார். தாம்பரத்தில் ஏற வேண்டிய ஒருவர் ஏறவில்லையாம், அந்த பெர்த்தை அண்ணாச்சிக்குக் கொடுத்தார். ஆர்.ஏ.சி.யில் எனக்குப் பிடித்ததே இதுதான்: ஜோடியில் ஒருவருக்கு இடம் விழுந்தால் மற்றவருக்கும் முழு பெர்த். அவர் லக்கில் நான் தூங்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் பார்த்த வீடியோ அதுதான்.

பார்க்காதது, இந்தப் பொங்கலுக்கு வந்த கதை. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது; 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள். பொங்கல் டிக்கெட் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நான் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன். சரி, தட்கல் இருக்கிறதே என்று முந்தின நாள் காலை 11 மணிக்கு உட்கார்ந்தேன். பணம் போனது, டிக்கெட் வரவில்லை. பணம் திரும்பி வந்தது, ஆனால் பொங்கல் முடிந்து. ஆம்னி பஸ்ஸில் சொன்ன விலையைக் கேட்டு போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம் சென்னை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட். எது முதலில் கிடைக்கிறதோ அதில் ஏறி, பஸ் மாறி மாறிப் போவது என்று முடிவு. விழுப்புரம் வரை சீட் இருந்தது. அங்கிருந்து திருச்சி வரை நின்றபடி. மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கும்போது போனில் சார்ஜ் இல்லை, எனக்கும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது பொங்கல் ஆறி, எல்லாரும் சாப்பிட்டுப் படுத்திருந்தார்கள். டீ, புரோட்டா, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஸ்லீப்பர் டிக்கெட்டைவிட அதிகம் செலவழித்திருந்தேன். இதை எப்படி 'பட்ஜெட் டிராவல்' என்று தலைப்பு வைத்துப் போடுவது?

இன்னொரு முறை வெயிட்டிங் லிஸ்ட் 4-இல் வந்து நின்றுவிட்டது. சார்ட் போட்டதும் டிக்கெட் தானாக ரத்து. ஜெனரல் பெட்டியில் டாய்லெட் கதவை ஒட்டி மதுரை வரை நின்றேன். அதிலும் கேமராவை வெளியே எடுக்கவில்லை.

ஒரு சப்ஸ்கிரைபர் அக்கா கேட்டிருந்தார்: "ராத்திரி ஒரு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்பது உங்களுக்கு அட்வெஞ்சர், எனக்கு?" பதில் சொல்லத் தெரியாமல் இரண்டு நாள் விட்டுவிட்டேன். அவர் சொல்வது உண்மை. நாளைக் காலை இன்டர்வியூ இருக்கிறவர்களுக்கும் இதே கதைதான். என் வேலை லேப்டாப்பில், அரை நாள் தாமதமானால் கேட்க ஆளில்லை. வெயிட்டிங் லிஸ்ட் 38-ஐப் பார்த்து நான் சிரிக்க முடிவது அதனால்தான். நீங்கள் லக் என்று சொல்வதில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று திரும்புவது அந்த்யோதயாவில். நாகர்கோவிலிலிருந்து தாம்பரம் போகும் வண்டி, எல்லாப் பெட்டியும் அன்ரிசர்வ்டு. கும்பகோணம், மயிலாடுதுறை என்று சுற்றிக்கொண்டு போகும். விலை மலிவு, மிச்சத்தை நேரமாகக் கட்ட வேண்டும். நாகர்கோவிலிலேயே எவ்வளவு நிரம்பியிருக்கும் என்பது வண்டி வந்தால்தான் தெரியும்.

இதோ, வந்துவிட்டது. கூட்டத்தைப் பாருங்கள். அங்கே ஒரு தம்பி, வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டான்! என்னிடம் துண்டும் இல்லை. கேமராவை அணைக்கிறேன் மக்களே, ஓட வேண்டும்.