முதலிடம் மார்கிட்டுக்கே

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அண்ணன்மார்களே, தங்கையே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'எல்டன் ரிங் விளையாட்டின் பாஸ் சண்டைகளைத் தரவரிசைப்படுத்த எது சரியான அளவுகோல்: கடினமா, கற்பிப்பதா?' இதுதான் நமக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. எதிரணி கடினத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மலேனியா என்ற பாஸை முதலிடத்தில் உட்கார வைத்துவிட்டது. கற்பிப்பதே அளவுகோல் என்று நான் பேச வந்திருக்கிறேன். என் பட்டியலில் முதலிடம் மார்கிட்டுக்கு. ஆமாம், ஆட்டம் தொடங்கிச் சில மணி நேரத்திலேயே ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில் வழிமறித்து நிற்கிறானே, அதே மார்கிட்டுக்கு.

இந்த விளையாட்டைத் தொடாதவர்களும் அவையில் இருப்பீர்கள். அவர்களுக்காக நாலு வரி. 2022 பிப்ரவரி 25 அன்று வெளியானது எல்டன் ரிங். உருவாக்கியது ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம், இயக்கியவர் ஹிடேடாகா மியாசாகி. பரந்து விரிந்த ஒரு மாய நிலம். அதில் நம்மைவிடப் பல மடங்கு வலுவான எதிரிகள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு பெரிய எதிரி நிற்பான். அவன்தான் பாஸ். இரண்டு மூன்று அடியில் நாம் செத்துவிடுவோம், மறுபடி எழுந்து வந்து மறுபடி மோதுவோம்.

சரி, வாதத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு கணக்கை எடுத்து வைத்தார். விளையாட்டின் முதலாண்டு நிறைவையொட்டிப் பதிப்பாளரான பந்தாய் நாம்கோ வெளியிட்ட கணக்கு அது. ஓராண்டில் ஆட்டக்காரர்கள் செத்தது 900 கோடி தடவைக்கும் மேல். மலேனியாவோடு மட்டும் மோதிய முயற்சிகள் 32.9 கோடி. "இத்தனை கோடிப் பேரை நிறுத்திய மலேனியாவுக்குத்தான் மகுடம்" என்றார் தம்பி, நீங்களும் கைதட்டினீர்கள். அவர் அந்தப் பட்டியலை முழுவதும் படிக்கவில்லை. மீதியை நான் படிக்கிறேன். இரண்டாவது இடத்தில் 28.1 கோடி முயற்சிகளோடு நிற்பவன் என் மார்கிட். மூன்றாவது இடத்தில் 27.7 கோடியோடு ட்ரீ சென்டினல். வெளியே வந்ததும் முதல் வெட்டவெளியில் குதிரைமேல் சுற்றிக்கொண்டிருக்கும் பொன்கவச வீரன் அவன். இன்னொரு பெரிய பாஸான ராடானுக்குக் கிடைத்தது 13.9 கோடிதான்.

எதிரணியைக் கேட்கிறேன். முயற்சிக் கணக்குதான் தரம் என்றால், உங்கள் பட்டியலில் ட்ரீ சென்டினல் மூன்றாம் இடத்தில் இருக்க வேண்டும், ராடான் அவனுக்குக் கீழே போக வேண்டும். அப்படி எழுத உங்களில் யாருக்காவது மனம் வருமா? வராது. ஏனென்றால் எத்தனை தடவை செத்தோம் என்பது வேறு, சண்டை எப்படி இருந்தது என்பது வேறு. இது உங்களுக்கும் தெரிந்த விஷயம்தான்.

இப்போது மார்கிட்.

கோட்டைக்குப் போகிற கல்பாலம். மூடுபனிக் கதவைத் தாண்டி உள்ளே போகிறோம். கொம்பு முளைத்த, கந்தலைப் போர்த்திய ஒரு கிழட்டு உருவம், கையில் ஒரு கோணல் கோல். அதுவரை நாம் என்ன பழகியிருக்கிறோம்? எதிரி கையை ஓங்கினால் உடனே உருள வேண்டும். உருளும் அந்தச் சின்னக் கணத்தில் அடி நம்மேல் படாது. சாதாரணப் படைவீரர்களிடம் இது போதும். மார்கிட் கோலைத் தலைக்குமேல் ஓங்குகிறான். நாம் பதறி உருளுகிறோம். கோல் இறங்கவில்லை. அப்படியே நிற்கிறது. உருண்டு முடித்து நாம் எழுகிற கணம் பார்த்து இறங்குகிறது. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

முதல் பத்து முறை இதை எல்லோரும் ஏமாற்று வேலை என்றுதான் திட்டுவார்கள். நானும் திட்டினேன். பதினோராவது முறையோ இருபதாவது முறையோ ஒன்று புரியும்: அவன் ஏமாற்றவில்லை, நான் பார்க்கவில்லை. ஓங்கிய கையைப் பார்த்தேனே தவிர, இறங்குகிற கோலைப் பார்க்கவில்லை. சிலம்பத்தில் ஆசான் கம்பை ஓங்கிவிட்டு நிறுத்துவார் பாருங்கள், சீடன் கண் எங்கே இருக்கிறது என்று சோதிக்க. அதே பாடம். பதறாத காரியம் சிதறாது என்று வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்கள். அது விரலுக்குப் போய்ச் சேர எனக்கு மார்கிட் தேவைப்பட்டான்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நினைத்துக்கொண்டு போனால் அதற்கும் அவனிடம் பதில் இருக்கிறது. இரண்டு அடி விழுந்ததும் மூன்றாவதுக்கு ஆசைப்பட்டால் இடக்கையில் ஒளிக்கத்தி முளைக்கும். பின்னால் போய் ஒட்டிக்கொண்டால் வால் சுழலும். தூரப்போய் மருந்துக்குப்பியை எடுத்தால் ஒளிக்கத்திகளை வீசுவான். அவன் உயிர் பாதியை நெருங்கும்போது பொன்னொளியில் ஒரு சுத்தியலும் வந்துவிடும். பேராசை, அவசரம், பயம் என்று ஒவ்வொன்றுக்கும் அவனிடம் தனித்தனி அடி இருக்கிறது. எந்த அடி வாங்கினோம் என்பதை வைத்தே எந்தக் குணத்தால் வாங்கினோம் என்று சொல்லிவிடலாம். எல்டன் ரிங்கில் நூற்றுக்கும் மேற்பட்ட பாஸ் சண்டைகள் இருக்கின்றன. இவ்வளவு தெளிவாகப் பேசுகிற இன்னொரு சண்டையை நான் பார்க்கவில்லை.

எதிரணித் தங்கை ஒரு நல்ல கேள்வி கேட்டார். "மார்கிட்டிடம் தோற்று விளையாட்டையே மூடி வைத்தவர்கள் உண்டே, விரட்டி அடிப்பவன் எப்படி வாத்தியார் ஆவான்?" இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். அதற்குப் பதில் பாலத்தின்மேல் இல்லை, பாலத்துக்கு வெளியே இருக்கிறது.

மார்கிட்டை இன்றைக்கே வெல்ல வேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. கோட்டைக்குள்ளே நுழையாமலே அதன் ஓரமாக உடைந்த மலைப்பாதை ஒன்று ஏரிநாடான லியுர்னியாவுக்குப் போகிறது. தெற்கே போனால் வீப்பிங் பெனின்சுலா என்று ஒரு பெரிய நிலமே இருக்கிறது. அங்கே சுற்றினால் லெவல் ஏறும், ஆயுதம் தேறும், மருந்துக்குப்பி பெருகும். சர்ச் ஆஃப் எல்லேயில் ஒரு மணி கிடைக்கும், அதை வைத்து ஓநாய் ஆவிகளைத் துணைக்கு அழைக்கலாம். மூடுபனிக் கதவுக்கு முன்னாலேயே மந்திரவாதி ரோஜியர் உதவிக்கு வரக் காத்திருக்கிறான். மர்க்வாட்டர் குகையில் பேட்சஸ் என்கிற கில்லாடி விளையாட்டின் பணமான ரூன் 5,000-க்கு ஒரு விலங்கு விற்கிறான். அது மார்கிட்டைப் பூட்டிவைக்கவென்றே செய்த விலங்கு. சண்டையின் முதல் பாதியில் அதைப் பயன்படுத்தினால் அவனைக் கொஞ்ச நேரம் தரையோடு தரையாக அழுத்திப் பிடிக்கலாம்.

நான் மூன்று இரவு அந்தப் பாலத்தில் செத்தேன். நாலாவது நாள் தெற்கே கிளம்பிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது மார்கிட் அதே மார்கிட்தான், நான்தான் வேறு ஆளாக இருந்தேன். முட்டிக்கொண்டு நிற்பது மட்டும் வீரம் இல்லை, விலகிப்போய்த் தேறி வருவதும் வீரம்தான் என்பதைத்தான் இந்த விளையாட்டு முழுக்கச் சொல்கிறது. அதைச் சொல்லத் தொடங்குகிற இடம் அந்தப் பாலம். மூடிவைத்தவர்களுக்காக எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. அவர்கள் தெற்கே திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.

அடுத்து மலேனியா. அவளை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஹேலிக்ட்ரீ என்ற பெருமரத்தின் அடியில், வேர்களுக்கு நடுவே, செயற்கைக் கையை மாட்டிக்கொண்டு எழுந்து, தோல்வியே அறியாதவள் என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாளே, அந்தக் காட்சிக்கு உடம்பு சிலிர்க்கும். அவள் வாள் நம்மேல் பட்டால் அவள் உயிர் ஏறும். கேடயத்தால் தடுத்தாலும் ஏறும். அதோடு வாட்டர்ஃபவுல் டான்ஸ். ஒரு கணம் அந்தரத்தில் நின்று, சூறைக்காற்றுபோல அடுத்தடுத்துப் பாய்கிற வெட்டுகள். பக்கத்தில் நிற்கும்போது அது தொடங்கினால் முதல் பாய்ச்சலிலேயே பெரும்பாலும் கதை முடியும்.

என் வாதம் இதுதான்: அந்த நடனத்திலிருந்து தப்பக் கற்றுக்கொள்வது ஒரு பெரிய வித்தைதான், ஆனால் அந்த வித்தை வேறு எங்கே உதவுகிறது? எங்கும் இல்லை. மலேனியாவுக்காகக் கற்றது மலேனியாவோடு முடிந்துபோகிறது. மார்கிட்டிடம் கற்றதோ பின்னால் வரும் பாஸ்களான காட்ஃப்ரியிடம் உதவும், மாலிகெத்திடம் உதவும், ஏன், மலேனியாவின் சாதாரண வெட்டுகளுக்கு நடுவேகூட உதவும்.

'லெட் மீ சோலோ ஹர்' என்ற பெயரில் வந்த ஆட்டக்காரரைப் பற்றித் தம்பி பெருமையாகச் சொன்னார். எனக்கும் அவரைப் பிடிக்கும். தலையில் ஒரு பானை, இரண்டு கையிலும் வாள், உடம்பில் கவசமே இல்லை. முன்பின் தெரியாதவர்களின் ஆட்டத்துக்குள் உதவிக்குப் போய், அவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக மலேனியாவை வீழ்த்திக் கொடுத்தார். 2022 மே மாதத்துக்குள் ஆயிரம் தடவை. பந்தாய் நாம்கோவே அவருக்கு ஒரு வாளைப் பரிசாக அனுப்பியது. ஆனால் தம்பி, அவரை ஏன் ஊரே கொண்டாடியது? அத்தனை பேருக்கு அவர் தேவைப்பட்டார். அவர்களுக்கு அந்தச் சண்டை கற்றுத் தரவில்லை, இன்னொருவர் வந்து முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நீங்கள் கொண்டுவந்த சாட்சி என் பக்கம்தான் பேசுகிறார்.

நடுவர் அவர்களே, இன்னொரு சாட்சியையும் அழைக்கிறேன். விளையாட்டைச் செய்தவர்களையே அழைக்கிறேன். 2024 ஜூனில் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற விரிவாக்கம் வந்தது. அதன் கடைசிச் சண்டை, மலேனியாவின் இரட்டைச் சகோதரன் மிக்கெல்லாவைத் தோளில் சுமந்து வரும் ராடான். வெளியான நாளில் அதுதான் உச்சகட்டக் கடினம் என்று பலரும் சொன்னார்கள். அவன் இரண்டாம் கட்டத்தில் ஒளி வெள்ளம் திரையை மறைக்கும், எந்த அடி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த பேட்ச் என்கிற திருத்தப் பதிப்பு, அவன் அடிகள் சிலவற்றைத் தளர்த்தியது, கண்ணைக் கூசவைத்த ஒளியையும் சீர்செய்தது. கடினமே தரம் என்றால் அன்றைக்கு அந்தச் சண்டை தரம் தாழ்ந்திருக்க வேண்டும். எதிரணியில் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், தாழ்ந்ததா? உயர்ந்தது. அடி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும், தோல்விக்குக் காரணமும் தெரிய ஆரம்பித்தது.

மூல ஆட்டத்தின் கடைசிச் சண்டையான எல்டன் பீஸ்ட்டையும் பாருங்கள். பெரிய நீர்வெளியில் அது தூரத் தூரப் போய்க்கொண்டே இருக்கும், நாம் ஓடிக்கொண்டே இருப்போம். நம் குதிரை டாரன்ட்டை அங்கே முதலில் அழைக்க முடியவில்லை. இரண்டு ஆண்டுக்கும் மேல் அப்படி ஓடவிட்டபிறகு 2024 ஜூன் பேட்சில்தான் குதிரையை அனுமதித்தார்கள். ஓடுவது கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டத்தில் கற்க என்ன இருந்தது? அதனால் என் பட்டியலில் அது மிகவும் கீழே.

மேலே யார் என்று கேட்பீர்கள். இரண்டாம் இடம் மூல ஆட்டத்தில் ரெட்மேன் கோட்டைத் திருவிழாவில் சந்திக்கும் ராடானுக்கு. நோஞ்சான் குதிரையைக் கைவிட மனமில்லாமல், அதன் முதுகு நோகாதிருக்க ஈர்ப்பு மந்திரம் கற்ற மாவீரன் அவன். அழுகல் நோயால் புத்தி பேதலித்துத் திரிகிறவனுக்கு வீரமரணம் தரத்தான் அந்தத் திருவிழாவே. அந்த மணல்வெளியில் தனியாளாக நிற்காதே, கூப்பிட்டால் வர ஆட்கள் இருக்கிறார்கள் என்பதுதான் பாடம். ஓடி ஓடி அழைப்புக் குறிகளைத் தொடத் தொட, பிளெய்டு வருகிறான், பானை உடம்போடு அலெக்சாண்டர் வருகிறான். மூன்றாவது ரைகார்டு, அந்த ஒரு சண்டைக்கென்றே வாசலில் ஓர் ஈட்டியை வைத்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறவன். மலேனியா நாலாவது. நாலாவது இடம் அவமானம் இல்லை, தங்கையே.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. இன்னும் ஒன்றே ஒன்று.

பல பத்து மணி நேரம் கழித்து, லெய்ண்டெல் தலைநகரின் அரியணைக்கு முன்னால் போய் நிற்கிறோம். மன்னனாக எதிரே வருகிறவன் மார்காட். பார்த்ததும் தெரிந்துவிடுகிறது, பாலத்தில் மார்கிட் என்ற பெயரில் மறித்தவன் இவனேதான். கொம்போடு பிறந்ததால் நகரத்துக்கு அடியில் பூட்டிவைக்கப்பட்டவன். பேட்சஸ் விற்ற விலங்கு யாருடையது என்பது இங்கேதான் நெஞ்சில் தைக்கிறது. தன்னை வெறுத்த அதே நகரத்துக்குக் கடைசிக் காவலனாக நிற்கிறான். பிறகு தந்தை காட்ஃப்ரி வந்து அவனைக் கையில் ஏந்திக்கொள்வார். அந்த இடத்தில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆனால் அதற்கு முன்னால் சண்டை. அதே கோணல் கோல். அதே ஒளிக்கத்தி. பாலத்தில் பார்த்த அதே ஓங்கல், தலைக்குமேல், அந்தரத்தில் நிற்கிறது. என் விரல் அசையவில்லை. கோல் கீழே வர ஆரம்பித்தது. அப்புறம்தான் உருண்டேன்.

நன்றி, வணக்கம்.