கேட்கும் கை

(நூலக அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். சற்று முன்பு தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, "முதியோருக்கு ஏற்ற மென்மையான உடற்பயிற்சியைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்" என்றார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். சிங்கப்பூரில் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிற எல்லோரும் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருபது முப்பது பேர், பெரும்பாலும் சீனப் பாட்டிமார், ஒரு பாட்டுப் பெட்டியின் இசைக்கு, இடுப்பளவு நீரில் நடப்பவர்களைப் போல் அசைந்துகொண்டிருப்பார்கள். பஸ் வரும்வரை பார்ப்போம்; வந்ததும் ஏறிவிடுவோம்.

ஆனால் தைச்சி என்று நாம் சுருக்கிச் சொல்லும் அந்தச் சீனக் கலையின் முழுப்பெயர் தைஜிசுவான். 'சுவான்' என்றால் முஷ்டி. மடக்கிய கை. பாட்டிமாருக்கு முஷ்டி எதற்கு? இன்று நான் பேச வந்தது அந்த முஷ்டியைப் பற்றித்தான்.

பெயரில் மற்றொரு குழப்பமும் உண்டு. தைச்சியில் உள்ள 'சி' மூச்சைக் குறிக்கிறது, பிராணனைக் குறிக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. பிராணனுக்குச் சீனத்தில் சொல்லும் வேறு, எழுத்தும் வேறு. இங்கே இருப்பது 'ஜி'. எல்லை, உச்சம் என்று பொருள். இன்னும் பின்னால் போனால் அது வீட்டின் மோட்டுவளை. கூரை இரு பக்கமும் சரிந்து இறங்க உச்சியில் ஒரு மரம் கிடக்கிறதே, அது. ஒரு சரிவில் வெயில், மறு சரிவில் நிழல். யின், யாங் என்று சொல்கிறார்களே, அவற்றின் பழைய பொருளும் மலையின் நிழல் பக்கம், வெயில் பக்கம் என்பதுதான். நம் ஊரில் வேலைவெட்டி இல்லாதவனை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான் என்போம். சீனர்கள் அதைப் பார்த்தே பிரபஞ்சத்துக்கு ஒரு விளக்கம் எழுதிவிட்டார்கள்.

இந்த முஷ்டி எங்கே பிறந்தது? வூடாங் மலையில் சாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி, கொக்கும் பாம்பும் சண்டையிடுவதைப் பார்த்து உண்டாக்கினார் என்பது அழகான கதை. கதையாகவே இருக்கட்டும். 1930களில் தாங் ஹாவ் என்ற ஆய்வாளர் ஹெனான் மாநிலத்தில் உள்ள சென் குலத்தாரின் கிராமத்துக்கே போய்த் தேடினார். அவர் கண்ட தடம் ஒரு படைவீரரிடம் போய் முடிந்தது. மிங் ஆட்சி சரிந்துகொண்டிருந்த 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் வாங்டிங். அதற்கு முந்திய நூற்றாண்டில் கடற்கொள்ளையரை விரட்டிய தளபதி சி ஜிகுவாங், தன் படை வீரர்களுக்காக 32 நிலைகளைத் தொகுத்து எழுதி வைத்திருந்தார். அவற்றில் 29 நிலைகள் சென் கிராமத்து மரபில் இருப்பதாகத் தாங் ஹாவ் எடுத்துக்காட்டினார். அந்தத் தளபதி நேர்மையான மனிதர். பெரும்போருக்கு வெறுங்கைச் சண்டை உதவாது, கைகால்களைப் பழக்கத்தான் உதவும் என்று அவரே எழுதியிருக்கிறார்.

கேள்வி நேரத்தில் எப்படியும் வரும் என்பதால் இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். போதிதருமருக்கும் தைச்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காஞ்சிபுரத்துக்காரன் நானே சொல்கிறேன்.

சென் கிராமத்தார் இந்தக் கலையைக் குடும்பச் சொத்துப்போல் வைத்திருந்தார்கள். அதை வெளியே கொண்டுவந்தவர் யாங் லூசான். 1799இல் பிறந்தவர், ஹெபெய் மாநிலத்து யொங்நியானைச் சேர்ந்தவர். சென் சாங்சிங் என்ற ஆசிரியரிடம் ஆண்டுக்கணக்கில் இருந்து கற்று, பின்னால் பெய்ஜிங் போய் அரச குடும்பத்தாருக்கும் காவல் படையினருக்கும் கற்பித்தார். 'வெல்ல முடியாத யாங்' என்பது அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர். கையெழுத்துகூடச் சரியாக வராதவர் என்பார்கள். அவரிடம் கற்ற வு யூசியாங்கோ படித்த குடும்பம். அவருடைய அண்ணன் ஓர் உப்புக்கடையில் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் சில பக்கங்கள்தான் இன்று தைச்சியின் மூலநூலாக மதிக்கப்படுகின்றன. வாங் சொங்யுவே என்பவர் எழுதியது என்று அதில் பெயர் இருக்கிறது. வு குடும்பத்தாரே எழுதிவிட்டு உப்புக்கடைமேல் பழியைப் போட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கும் அறிஞர்களும் உண்டு. எனக்கு அதில் வியப்பில்லை. உடம்பால் கண்டுபிடித்தவன் ஒருவன், அதற்குத் தத்துவச் சட்டை தைத்துப் போட்டவன் வேறொருவன் என்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இங்கே சட்டை கச்சிதமாகப் பொருந்திவிட்டது, அவ்வளவே.

அந்தச் சில பக்கங்களில் ஒரு வரி: நான்கு லியாங் ஆயிரம் ஜின்னைத் திருப்பும். இரண்டும் சீன எடையளவுகள். லியாங் ஏறக்குறைய நம் பழைய நிறுத்தலளவான பலம். ஜின்னை வீசை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பலத்தைக் கொண்டு ஆயிரம் வீசையைத் திருப்புவது. கேட்க நன்றாக இருக்கிறது. எப்படி என்பதை எனக்கு ஒரு கீழ்த்தளத் தூண் கற்றுக்கொடுத்தது.

என் ஆசிரியர் ஹொக்கியென் பேசும் முதியவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். எனக்குச் சீனம் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் வராது. எங்கள் இருவருக்கும் பொதுமொழி சந்தை மலாய். முதல் ஆறு மாதம் நிற்பதற்கும் நடப்பதற்கும் மட்டுமே சொல்லித்தந்தார். நடக்கத் தெரியாதா எனக்கு என்று உள்ளுக்குள் எரிச்சல். ஒருநாள் காலையில், என் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டினார். தன் வலது மணிக்கட்டின் வெளிப்புறத்தை என் வலது மணிக்கட்டின் வெளிப்புறத்தோடு ஒட்டி வைத்தார். "தோலாக்" என்றார். தள்ளு.

தள்ளினேன். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, எண்பது கிலோ. அவர் ஐம்பது தேறமாட்டார். தள்ளிய இடத்தில் ஆள் இல்லை. கை இருந்தது, தோல் தோலோடு ஒட்டிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் எடை இல்லை. தாழ்ப்பாள் போட்டிருக்கிறது என்று நினைத்து, திறந்து கிடக்கும் கதவைத் தோளால் இடித்தவனைப் போல் முன்னால் சரிந்தேன். சரிந்தால் உடம்பு தானாகப் பின்வாங்கும் அல்லவா? அந்தப் பின்வாங்கலோடு அவரும் கூடவே வந்தார். மூன்று எட்டுப் பின்னால் போய், தூணில் முதுகு மோதி நின்றேன். அவர் என்னைத் தள்ளியதாகவே தோன்றவில்லை. போகிறவனை வாசல்வரை வந்து வழியனுப்பியது போல் இருந்தது.

மறுபடி, மறுபடி. இருபது தடவையாவது தூணைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு விரலால் என் வலது தோளைத் தொட்டு, "லெப்பாஸ், லெப்பாஸ்" என்பார். விடு, விடு. நான் விட்டுவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் விரல் பட்ட பிறகுதான் அங்கே தோள் காதுவரை ஏறி நிற்பது எனக்கே தெரியும். சீனத்தில் இதற்கு 'சோங்' என்று சொல்கிறார்கள். அந்த எழுத்தின் தலையில் கூந்தலைக் குறிக்கும் உறுப்பு இருக்கிறது. முடிந்த கொண்டையை அவிழ்த்துவிட்டால் கூந்தல் விழுமே, அந்தத் தளர்வு. தொய்வு வேறு, தளர்வு வேறு. தொய்ந்த கையை ஒரே தட்டில் மடக்கி நெஞ்சோடு சேர்த்துவிடலாம். தளர்ந்த கைக்குள் காற்றடைத்த டயர் போல ஒரு நிறைவு இருக்க வேண்டும். அதற்குப் 'பெங்' என்று பெயர். எட்டு வகை விசைகளில் முதலாவது. அது இல்லாவிட்டால் மற்ற ஏழும் இல்லை.

எனக்கு இது உறைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. விறைத்த கை என்பது எதிராளிக்கு நாமாகவே நீட்டும் கைப்பிடி. அம்மியைத் தூக்குவதற்குக் கைப்பிடி இல்லை, வாளிக்கு இருக்கிறது. நான் வாளியாக இருந்தேன். மணிக்கட்டு விறைத்தால் முழங்கை, முழங்கை விறைத்தால் தோள், தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து குதிகால் என்று முழு உடம்பும் ஒரே கட்டையாகிவிடுகிறது. கட்டையின் நுனியைத் திருப்பினால் போதும், அடியும் திரும்பும். ஆயிரம் வீசையும் என்னுடையது. நான்கு பலம்தான் அவருடையது.

இந்தப் பயிற்சிக்குத் துயிஷோ, அதாவது 'தள்ளுகை' என்று பெயர். பெயர் ஏமாற்றும். அதில் தள்ளுவது கடைசிக் காரியம், முதற்காரியம் கேட்பது. 'திங் ஜின்' என்பார்கள், கேட்கும் விசை. காதால் அன்று, தோலால். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது, எப்போது மாறப்போகிறது என்பதை, அவன் மணிக்கட்டு நம் மணிக்கட்டைத் தொடுகிற அந்த ஓரங்குல இடத்திலிருந்து தெரிந்துகொள்வது. கண்ணை நம்பினால் தோள் அசைவதுபோல் காட்டி ஏமாற்றிவிடலாம். ஒட்டியிருக்கும் தோலை ஏமாற்றுவது கடினம். ஓர் இறகு கூடினாலும் தெரிய வேண்டும், ஓர் ஈ உட்கார்ந்தாலும் உடம்பு அசைய வேண்டும் என்கிறது அந்த உப்புக்கடைப் பக்கம்.

யாங் லூசானைப் பற்றி ஒரு குருவிக் கதை உண்டு. விரித்த உள்ளங்கையில் குருவியை வைத்துக்கொள்வாராம், பிடிக்கமாட்டார். குருவி எழும்ப வேண்டுமானால் காலை ஊன்றி உந்த வேண்டும். அது உந்துகிற கணத்தில் உள்ளங்கை அந்த அளவுக்கே தாழுமாம். உந்துவதற்கு எதுவும் இல்லாமல் குருவி அங்கேயே சிறகடித்துக்கொண்டிருக்குமாம். நடந்ததா என்று கேட்காதீர்கள். ஆனால் அன்று கீழ்த்தளத்தில் அந்தக் குருவிக்கு எண்பது கிலோ எடை இருந்தது.

இனி, ஏன் மெதுவாக? பள்ளி விளையாட்டு விழாவில் மெதுவாக மிதிவண்டி ஓட்டும் போட்டி வைப்பார்களே, அதில் கலந்துகொண்டவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வேகமாகப் போகிறவன் விழமாட்டான்; வேகம் அவன் குறையை மறைத்துவிடும். மெதுவாகப் போகும்போதுதான் எங்கே சாய்கிறோம் என்பது வெளியே வரும். சென் மரபினர் பட்டு நூல் எடுப்பதை உவமையாகச் சொல்வார்கள். கூட்டிலிருந்து நூலைச் சீராக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறும், தயங்கினால் சிக்கும். ஆனால் தைச்சி முழுவதும் மெதுவானது என்று நினைத்துவிட வேண்டாம். அதே சென் மரபின் இரண்டாவது அசைவுத் தொடருக்குப் 'பீரங்கி முஷ்டி' என்று பெயர். துள்ளலும் மிதியும் வெடிப்புமாக அதைப் பார்த்தால் பஸ்ஸை விட்டுவிடுவீர்கள்.

அந்தப் பாட்டிமார் செய்யும் அசைவுகளில் ஒன்று 'பீபா வாசித்தல்'. பீபா என்பது நம் வீணையைப் போன்ற நரம்புக் கருவி. நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார்கள். ஒரு கை முன்னால் உயர்ந்தும் மற்றது அதன் முழங்கைக்கு அருகே சற்றுத் தாழ்ந்தும் நிற்கும். பார்க்க நளினமாக இருக்கும். இப்போது அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் உங்களைக் குத்த வந்தவனின் நீட்டிய கையை வைத்துப் பாருங்கள். உங்கள் ஒரு கை அவன் மணிக்கட்டில், மற்றது அவன் முழங்கையின் வெளிப்புறத்தில். இரண்டும் எதிரெதிர்த் திசையில் நெருங்குகின்றன. முழங்கை மடங்காத பக்கமாக மடங்கும். என் ஆசிரியர் இதைப் பாதியில் நிறுத்திக் காட்டினார். அன்று மாலை என்னால் தண்ணீர்க் குவளையைத் தூக்க முடியவில்லை.

பிறகு எப்படி இது பூங்காவுக்கு வந்தது? யாங் லூசானின் பேரர் யாங் செங்ஃபு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துள்ளலையும் வெடிப்பையும் கழற்றிவிட்டு, பெரிய, சீரான அசைவுகளாக்கினார். நோயாளியும் செய்யலாம் என்றானது. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதையும் சுருக்கி 24 அசைவுகளாக்கியது. முடிக்க ஐந்தாறு நிமிடம் போதும். நான் இதைக் குறை சொல்லமாட்டேன். கோடிக்கணக்கானோர் கைக்குப் போனது அப்படித்தான். பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து நடத்தி 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடம்பின் சமநிலைக்கு இது நன்றாகவே உதவுகிறது என்று தெரிந்தது. ஆனால் இரண்டு பேர் செய்ய வேண்டியதை ஒருவர் மட்டும் செய்யும்படி ஆனது. பேச ஆள் இல்லாமல் இலக்கணம் மட்டும் படித்தது போல.

அதன் விலையை 2017 ஏப்ரலில் எல்லோரும் பார்த்தார்கள். செங்டூ நகரில் சூ சியாவ்டோங் என்ற கலப்புச் சண்டைவீரர், தைச்சி ஆசிரியர் ஒருவரை அரை நிமிடம்கூட ஆகாமல் கீழே சாய்த்தார். சீனாவில் பெரும் கூச்சல். நான் அந்தக் காணொளியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தோற்றவர்மேல் கோபமில்லை. தொட்ட மாத்திரத்தில் மாணவர்கள் பத்தடி பறந்து விழுவதுபோல் காட்டும் ஆசிரியர்கள்மேல்தான் எனக்குக் கோபம். விழ ஒப்புக்கொண்டவனைத் தள்ளிப் பழகியவனுக்கு விழ மறுப்பவன் எப்படி இருப்பான் என்பதே தெரியாது.

1954 சனவரியில் ஹாங்காங்குக்கு அருகே உள்ள மக்காவ் நகரில் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. தைச்சியில் வு மரபின் (முன்பு சொன்ன வு குடும்பம் அன்று, இது வேறு) வு கொங்யீ ஐம்பதைத் தாண்டியவர். எதிரே வெண்கொக்கு என்ற சண்டை முறையில் தேர்ந்த சான் ஹக்ஃபூ, முப்பதுகளில் இருந்தவர். ஹாங்காங் தீவிபத்தில் வீடிழந்தோருக்கு நிதி திரட்டுவதற்காக மேடை போட்டார்கள். படம் இருக்கிறது, பாருங்கள். மூக்கில் ரத்தம், வாயில் ரத்தம், வீச்சும் தடுமாற்றமும். நளினம் ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்றிலேயே நிறுத்திவிட்டு, வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமனும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். இளையவரின் வீச்சுக்கு முன்னால் அந்த முதியவர் நின்றார், விழவில்லை. தத்துவம் பேசிக்கொண்டும் நிற்கவில்லை.

நேரமாகிவிட்டது என்று தலைவர் பார்க்கிறார். இதற்குமேல் வாயால் சொல்வதற்கு அதிகமில்லை. முன்வரிசையில் சிலம்பம் பழகும் தம்பி ஒருவர் இருக்கிறார். தொடக்கத்திலிருந்தே நம்பாத முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். வாருங்கள் தம்பி, மேலே வாருங்கள். நாற்காலிகளைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ளிவைத்துவிடலாம். காலணி இருக்கட்டும். கைக்கடிகாரத்தை மட்டும் கழற்றித் தலைவரிடம் கொடுத்துவிடுங்கள்.