ஐப்பசி முதல் மாசி வரை: ஊர் மண்டபத்தில் மூன்று படங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து, சம்பா நடவும் முடிந்துவிட்டால் டெல்டா கிராமங்களில் சாயங்கால நேரம் கொஞ்சம் கைக்கு வரும். அதைக் கணக்கில் வைத்துத்தான் எங்கள் ஊர்ப் பொது மண்டபத்தின் அடுத்த திரையிடல்கள் முடிவாகியிருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை, மாசி மூன்று மாதமும் இரண்டாவது சனிக்கிழமை ஒரு படம். மார்கழியிலும் தையிலும் இல்லை. அறுவடை மிஷின் எந்த நேரம் வருமோ என்று வரப்பில் காத்திருப்பவர்களைப் படம் பார்க்கக் கூப்பிடுவது நியாயமாகாது.

படம் பிடிக்காமல் பாதியில் எழுந்து போகிறவர்களைவிட, வசனம் காதில் விழாமல், எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் எழுந்து போகிறவர்கள்தான் அதிகம். அதனால் படங்களைச் சொல்லும்போதே அவற்றைக் காட்டும் முறையையும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் ஊரில் தொடங்க நினைத்தால் உதவும்.

ஐப்பசியில் மஜித் மஜிதியின் ஈரானியப் படம், 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'. 1997இல் வந்தது, 89 நிமிடம். தைக்கக் கொடுத்து வாங்கிய தங்கையின் ஷூவை வரும் வழியில் அண்ணன் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொல்லப் பயந்து, அவனுடைய ஒரே ஜோடியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். அளவு பெரிதான அந்த ஷூ ஒன்று தங்கையின் காலிலிருந்து நழுவி, தெருவோர வாய்க்காலில் விழுந்து மிதந்து போகும். அவள் கூடவே ஓடுவாள். வாய்க்கால் கரையில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாரசீக மொழிப் படம் என்பதால் தமிழ் சப்டைட்டில் ஓடும். கவனம் முழுக்க அங்கேதான் வேண்டும். சப்டைட்டில் ஃபைலை யூடிஎஃப்-8 என்கிற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் தமிழுக்குப் பதிலாகக் கட்டங்களும் கேள்விக்குறிகளும் வரும். இன்னொரு கோளாறு, முதல் ஐந்து நிமிடம் பார்த்தால் பிடிபடாது. படம் விநாடிக்கு 24 பிரேமில் ஓட, சப்டைட்டில் 25 பிரேம் பிரதிக்குத் தயாரானதாக இருந்தால் தொடக்கத்தில் பொருந்துவது போலத்தான் தெரியும். பிறகு நூற்றுக்கு நாலு வீதம் விலகிக்கொண்டே போய், 89 நிமிடப் படத்தின் கடைசியில் மூன்றரை நிமிட வித்தியாசம் வந்துவிடும். ஆகவே முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் முந்தின நாளே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். எழுத்து திரையின் அடியில் வருவதால், பாயில் உட்காருகிறவர்களுக்குத் திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலு அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாத பெரியவர்களும் வருவார்கள். நிதானமாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் வாசித்தால் போதும், மைக் வேண்டாம்.

இங்கே நாலடி விட்டு, பத்தடி அகலத்தில் படம் விழுகிறது. உயரம் ஐந்தடி ஏழரை அங்குலம். கூரை பத்தடி உயரம் இருக்கிற மண்டபத்தில் இதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. இந்த அளவுக்கு 3500 லூமென்ஸ் வெளிச்சம் தரும் புரொஜெக்டர் போதும். எறியும் விகிதம், அதாவது பட அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரத்தில் வைப்பது என்ற கணக்கு, ஒன்றரை என்று போட்டிருந்தால் பதினைந்தடி தள்ளி வைக்க வேண்டும். படம் கோணலாக விழுந்தால் கீஸ்டோன் பட்டனைத் தட்டாதீர்கள். அது படத்தின் கூர்மையைத் தின்றுவிடும். மேசையின் உயரத்தையும் நேரையும் சரிசெய்யுங்கள்.

ஐப்பசியில் பூச்சி ஒரு பெரிய தொந்தரவு. நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியைக் கண்காணிக்க வயலில் விளக்குப் பொறி வைப்பது உழவர்களுக்குத் தெரியும். இருட்டு மண்டபத்தில் புரொஜெக்டரும் அப்படி ஒரு விளக்குப் பொறிதான். திரையில் அப்பிக்கொள்வது ஒரு பக்கம் இருக்கட்டும், புரொஜெக்டரின் ஃபேன் இழுக்கிற காற்றோடு பூச்சிகள் உள்ளே போய் ஃபில்டரை அடைத்துவிட்டால் சூடேறிப் பாதியில் அணைந்துவிடும். ஜன்னலுக்கு வலை கட்டி, வாசலிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி ஒரு குண்டு பல்பைப் படம் தொடங்குவதற்கு அரைமணி முன்பே எரியவிட்டால் பெரும்பகுதி அங்கே போய்விடும். மறுநாள் ஃபில்டரை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும்.

கார்த்திகைக்கு 'அந்த நாள்', 1954. எஸ். பாலச்சந்தர் இயக்கியது. 1943இல் சென்னையில் குண்டு விழுந்த சமயத்தில் நடக்கும் கொலையின் விசாரணை. ஒரே சம்பவத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். பாட்டே கிடையாது. ஒரு வரி காதில் விழாவிட்டாலும் முடிச்சு நழுவிவிடும் என்பதால் இந்தப் படத்துக்கு ஒலிதான் உயிர். தகரக் கொட்டகையில் மழை பெய்தால் எதுவும் கேட்காது. கான்கிரீட் மண்டபத்தில் எதிரொலிக்கும். பின்சுவரிலும் பக்கச் சுவர்களிலும் ஜமுக்காளம் தொங்கவிட்டால் வசனம் தெளியும். ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் கூடுமே தவிர வேறு பயனில்லை. ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே, உட்கார்ந்தவர் காது உயரத்தில் வையுங்கள். புளூடூத் வேண்டாம். அதில் ஒலி 150, 200 மில்லி விநாடி பிந்தலாம். அதாவது நாலைந்து பிரேம். உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போகும். ஒயரில் கொடுத்தும் 'ம்ம்ம்' என்று இரைந்தால், புரொஜெக்டரையும் ஆம்ப்ளிஃபயரையும் எர்த் உள்ள ஒரே பிளக் போர்டுக்கு மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

அந்தக் காலத்துப் படச் சட்டம் இப்போதையதைவிட அகலம் குறைவு. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், அப்படியே விடுங்கள். திரை நிறையட்டும் என்று இழுத்தால் சிவாஜியின் முகம் உப்பிப்போகும்.

அடைமழைக் காலத்தில் கரண்ட் போவது சகஜம். புரொஜெக்டருக்குள் விளக்கு சூடாக இருக்கும்போது அதன் ஃபேன் நின்றால் விளக்கின் ஆயுள் குறையும். புரொஜெக்டருக்கு மட்டுமாவது இன்வெர்ட்டர் இணைப்பு கொடுங்கள். படம் முடிந்ததும், ஃபேன் தானாக நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

மாசியில் மண்டபத்துக்கு வெளியே, வெட்டவெளியில் திரையிடல். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி', 1955. இதன் மூல நெகட்டிவ் 1993இல் லண்டன் லேப் ஒன்றின் தீ விபத்தில் சேதமாகி, பிறகு மீட்டுச் சீரமைக்கப்பட்ட பிரதி 2015இல் வெளியானது. அந்தப் பிரதியையே கேட்டு வாங்குங்கள். நாணல் பூத்த வெளியில் அக்காவும் தம்பியும் ரயில் பார்க்க ஓடுவதை வெளிறிய பழைய பிரதியில் பார்த்தால் பாதிகூடத் தெரியாது. புயல் இரவுக் காட்சிகளுக்கு நல்ல இருட்டு வேண்டும். பஞ்சாயத்தில் சொல்லி அருகிலிருக்கும் தெருவிளக்கை இரண்டு மணி நேரம் அணைத்து வைக்கச் சொல்ல வேண்டும். மூங்கில் சட்டத்தில் ஃபிளெக்ஸை நாலு பக்கமும் கட்டாவிட்டால் காற்றில் உப்பி, படம் நெளியும்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. வீட்டுச் சந்தாவில் வரும் படத்தைப் பொதுவில் போடக் கூடாது. டிக்கெட் இல்லை என்பதால் அனுமதி வேண்டாம் என்று ஆகாது. நம் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. பழைய படமானாலும் நல்ல பிரதி அதை வைத்திருப்பவரிடம்தான் இருக்கும். கடிதம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மாலை ஆறரைக்குத் தொடங்கும். மாசியில் நன்றாக இருட்டிய பிறகு, ஏழு மணிக்கு. ஒன்பது சொச்சத்துக்கு முடிந்துவிடும் என்றாலும் பனி இறங்கத் தொடங்கியிருக்கும். பிள்ளைகளுக்குத் துண்டோ குல்லாவோ எடுத்து வாருங்கள். பாய் மண்டபத்திலேயே இருக்கிறது.

நன்றி, வணக்கம்.