பிறந்தநாள் பாட்டின் மெட்டில் ஒரு மந்திரம்

வணக்கம் நண்பர்களே. இன்று ஒரே ஒரு நாவலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அமெரிக்க எழுத்தாளர் நவோமி நோவிக் எழுதி 2015இல் வெளிவந்த 'அப்ரூட்டட்'. அறிவியல் புனைவுக்கும் மாயக் கதைகளுக்கும் தரப்படும் நெபுலா விருது பெற்றது. ஒரு பெண் மந்திரம் கற்றுக்கொள்வதை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன இன்னொரு நாவலை நான் படித்ததில்லை.

கதை ஒரு பள்ளத்தாக்கில் நடக்கிறது. பக்கத்திலேயே ஆட்களை விழுங்கும் காடு. அதைத் தடுத்து நிற்கும் மந்திரவாதி சார்கனை ஊரார் 'டிராகன்' என்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைத் தன் கோபுரத்துக்கு அழைத்துச் செல்வார். அழகும் துணிவும் நிறைந்த காசியாதான் போவாள் என்று ஊரே நினைத்திருக்க, எந்த உடையை உடுத்தினாலும் கிழித்துக்கொண்டு சேறும் அழுக்குமாக வந்து நிற்கும் அவள் தோழி அக்னியெஷ்காவை அழைத்துப் போகிறார்.

பாடம் தொடங்குகிறது. உடையை மாற்றும் மந்திரம் ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிறார். அவள் முழுதாக உச்சரித்தால் அரசவைக்கு உரிய ஆடம்பர உடை வந்து விழுகிறது. அவளோ சோர்ந்து துவண்டுபோகிறாள். பிறகு அதே சொல்லைப் பாதி விழுங்கி முணுமுணுக்கப் பழகுகிறாள். எளிய உடை கிடைக்கிறது. அந்த இடத்திலேயே இந்த நாவல் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. சார்கனுக்கு ஓர் எழுத்துகூடப் பிசகக் கூடாது. இவள் வேண்டுமென்றே கெடுக்கிறாள் என்று எரிந்து விழுகிறார்.

பிறகு ஓநாயால் காயம்பட்டு அவரே சாகக் கிடக்கிறார். யாகா என்ற பழங்காலச் சூனியக்காரியின் சின்னஞ்சிறு ஏடு ஒன்று அவள் கண்ணில் படுகிறது. எதற்கும் உதவாது என்று அவர் ஒதுக்கி வைத்தது. அதிலுள்ள மந்திரத்தை, நூறாண்டு வாழ்க என்று வாழ்த்தும் பிறந்தநாள் பாட்டின் மெட்டில் பாடுகிறாள். அவர் பிழைத்துக்கொள்கிறார். போலந்தில் இன்றும் பிறந்தநாளுக்கு அப்படித்தான் பாடுகிறார்கள். நோவிக்கின் தாய்வழி போலந்து. சிறுவயதில் கேட்ட கதைகளின் மணம் பக்கத்துக்குப் பக்கம் வீசுகிறது.

பெரும்பாலான மாயக் கதைகளில் கதாநாயகிக்கு அளவுக்கு மீறிய சக்தி இருக்கும், அதை அடக்குவதுதான் அவளுக்குப் பயிற்சி. இங்கே அக்னியெஷ்காவின் சக்தி திமிறுவதே இல்லை. பிறர் போட்ட வழியில் வர மறுக்கிறது, அவ்வளவுதான். காட்டில் பழம் பொறுக்கப் போகிறவள் போல, ஒவ்வொரு முறையும் புதுத் தடத்தில் நடந்துதான் அவள் மந்திரத்தை எட்டுகிறாள். சார்கனின் துல்லியம் வீண் என்றும் நாவல் சொல்லவில்லை. காடு பிடித்துவைத்த காசியாவை மீட்க இருவரும் சேர்ந்து ஒரே மந்திரத்தை வாசிக்கும் பகுதியை மூச்சுவிடாமல் படித்தேன்.

தலைநகரில் நடக்கும் அத்தியாயங்கள் கொஞ்சம் இழுக்கின்றன. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாய்க்கு வாய் அக்னியெஷ்காவை இழிவாகப் பேசிய சார்கன் மீதே அவளுக்குக் காதல் வருவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவளுடைய உண்மையான அன்பு காசியாவிடம் இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்துக் காட்டுக்குள் போனதும் அவளுக்காகத்தான். படித்தவர்கள் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள், அடுத்த பதிவில் அதைப் பற்றி விரிவாகப் பேசுவோம்.