அம்மாவின் பக்தி வீட்டுக்குப் பலமே

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வீட்டுல விளக்கு கொளுத்தி வச்சிட்டு வேக வேகமா நடந்து வந்து முன்வரிசையில இடம் பிடிச்சிருக்கிற அம்மாமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

"அம்மாவின் பக்தி வீட்டுக்குப் பலமா, அம்மாவுக்குச் சுமையா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி கார்த்திகை மாசத்தைக் கையில எடுத்தார். கார்த்திகை ஒண்ணாம் தேதி அப்பா மாலை போடுறார், அம்மா விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்திரிக்கிறாங்க. தனிப் பாத்திரம், தனி அடுப்பு. மீன் வாசம் வீட்டுப் பக்கமே வரக்கூடாது. சாயங்காலம் பஜனைக்குப் பத்துச் சாமிமார் வந்தா சுண்டலும் சுக்குக் காப்பியும் போடணும். இருமுடி கட்டுற கெட்டுநிறை அன்னைக்கு ஊருக்கே சாப்பாடு. 41 நாள் முடிஞ்சு அப்பா மலைக்குப் போயிட்டு அரவணைப் பாயசத்தோட வர்றார், அம்மா இடுப்பு வலியோட படுக்கிறாங்க. இதுக்குப் பேரு பலமான்னு கேட்டார். கைதட்டு வாங்கினார். அதுல நானும் கைதட்டினேன் தம்பி, நீங்க சொன்னதுல ஒரு வரிகூடப் பொய் இல்ல.

ஆனா ஒண்ணு கேட்கிறேன். மாலை போட்டது யார்? அப்பா. மலைக்குப் போனது யார்? அப்பா. அப்படின்னா நீங்க இவ்வளவு நேரம் பேசினது அப்பாவோட பக்தியைப் பத்தி. அந்தப் பக்திக்கு அம்மா பார்த்த வேலையைப் பத்தி. தலைப்பு அது இல்லையே! அந்த வேலை சுமைதான். அதைக் குறைக்கணும்னா, மாலை போட்ட கையாலேயே அந்தப் பாத்திரத்தைத் தேய்க்கச் சொல்லுங்க, நானும் உங்களோட சேர்ந்து சொல்றேன். அப்பாவோட விரதத்துக்கு ஆகிற கூலியை அம்மாவோட பக்திக் கணக்குல எழுதாதீங்க.

அம்மாவோட பக்தியைப் பார்க்கணும்னா கார்த்திகையில தேடக்கூடாது நடுவர் அவர்களே. ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரியில தேடணும்.

"அசந்தா ஆடி, தப்பினா தை, மறந்தா மாசி." நம்ம குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டுல இதைக் கேட்காத பொம்பளை கிடையாது. ஔவையார் நோன்புக்குச் சொன்ன சொல் அது. ஆடிச் செவ்வாயில அசந்து போனா தையில பிடி, அதுவும் தப்பிட்டா மாசியில பிடி, ஒரேயடியா விட்டுறாதேன்னு பாட்டிமார் போட்டு வச்ச வழி. தோவாளைப் பக்கம் ஔவையாருக்குக் கோயிலே இருக்கு, ஆடிச் செவ்வாயில போய்ப் பாருங்க, எங்க திரும்பினாலும் கொழுக்கட்டை அவியுது. வீட்டுல செய்யற நோன்புன்னா ராத்திரிதான். பச்சரிசி மாவு, உப்பு கிடையாது. அந்த வீட்டு ஆம்பளைகள் அத்தனை பேரும் வெளியே போயிடணும். ஆண் குழந்தைக்குக்கூட அனுமதி இல்ல. செஞ்ச கொழுக்கட்டையை ஆம்பளை தின்னவும் கூடாது, கண்ணால பார்க்கவும் கூடாது. பூசாரி இல்ல, தந்திரி இல்ல, மந்திரம் இல்ல. வயசான ஒரு அம்மா கதை சொல்லுவாங்க, மத்தவங்க உம் கொட்டுவாங்க.

நான் பாவாடை கட்டின வயசுல எங்க பெரியம்மா வீட்டு நோன்புக்கு உக்காந்திருக்கேன். மாவு பிசையற கை நாலஞ்சு, விளக்கு ஒண்ணு, கதவு உள்ள தாழ்ப்பாள். கதை முடிஞ்சு கொழுக்கட்டை வேகறதுக்குள்ள, அந்த வருஷம் கல்யாணமாகி வந்த ஒரு மருமக வாயைத் திறந்தா. புருஷன் ரப்பர் வெட்டுற கூலியை வீட்டுக்குத் தர்றதே இல்லை, கழுத்துல கிடந்ததையும் வாங்கிட்டுப் போயிட்டான்னா. மாமியார் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க! வேற எந்த நாள்னாலும் அந்தப் பொண்ணு அதைச் சொல்லியிருக்க முடியாது. மாமியாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அந்த நோன்பு வீட்டுல மாமியாரும் மருமகளும் ஒரே பாத்திரத்துல மாவு பிசையறாங்க. மறுநாள் காலையில எங்க பெரியம்மாவும் இன்னும் ரெண்டு பேரும் தோட்ட மேஸ்திரியைப் பார்த்து, கூலியை அந்தப் பொண்ணு கையில கொடுக்க ஏற்பாடு பண்ணிட்டு வந்தாங்க. அந்தக் குடும்பம் இன்னைக்கும் எங்க ஊர்லதான் இருக்கு, நல்லா இருக்கு.

எதிரணியில ஒரு அக்கா சொன்னாங்க: "பக்திங்கற பேர்ல அம்மா வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கிறாங்க." அக்கா, எங்கம்மா அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரி ஆலையில, அண்டி தல்லின, முந்திரிக்கொட்டை உடைச்ச பொம்பளை. அண்டிக்கறை பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. அவங்களுக்குத் தெரிஞ்ச வழி ரெண்டே ரெண்டு, வீட்டுல இருந்து ஆபீஸுக்கு, ஆபீஸ்ல இருந்து வீட்டுக்கு. மூணாவதா ஒரு வழியைத் திறந்து விட்டது திருவனந்தபுரத்து ஆற்றுக்கால் பகவதி.

மாசி மாசம் அந்தக் கோயிலுக்குப் பொம்பளைகள் பொங்கல் இடுற பொங்கலைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாலயே வீட்டுல சொல்லிடுவாங்க: "அந்த ரெண்டு நாளு நான் இருக்க மாட்டேன். கஞ்சி வைக்கப் படிச்சுக்கிடுங்க." குழித்துறையில ரயில் ஏறி, திருவனந்தபுரத்துல இறங்கி, மூணு செங்கல்லும் பானையும் தலையில வச்சுக்கிட்டு எங்க தெருப் பொம்பளைகளோட நடப்பாங்க. 2009-ல 25 லட்சம் பெண்கள் பொங்கல் இட்டதா கின்னஸ்ல பதிவு இருக்கு. அந்தக் கூட்டத்துல அம்மாவுக்குன்னு ஒரு இடம் உண்டு, மணக்காட்டுல ஒரு வீட்டு மதில் ஓரம். வருஷா வருஷம் அதே மதில்தான். அந்த வீட்டுச் சேச்சி குடிக்கத் தண்ணி தருவாங்க, குளிமுறியை, அதான் குளியலறையைத் திறந்து விடுவாங்க. மணக்காட்டுப் பள்ளிவாசல்லயும் வர்ற பொம்பளைகளுக்குத் தண்ணியும் இடமும் தர்றாங்கன்னு அம்மா ஊர் முழுக்கச் சொல்லுவாங்க.

பிறகு ஒரு வருஷம் எங்க அண்ணனை வண்டி இடிச்சுப் போட்டுட்டு. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ்ல கிடக்கான். அந்த ஊர்ல எங்களுக்கு ஒரு சொந்தம் கிடையாது, அப்பாவுக்கு மலையாளம் பாதிதான் புரியும். அம்மா நேரா மணக்காட்டுக்குப் போய் அந்த மதில் வீட்டுக் கதவைத் தட்டினாங்க. அண்ணன் எழுந்து நடக்கிற வரைக்கும் அந்த வீட்டுல இருந்து தூக்குவாளியில கஞ்சியும் பயறும் வந்துச்சு. அப்பா அவங்க வராந்தாவிலதான் படுத்தார். சம்பளம் கொண்டு வந்தவர் அப்பா. ஆபத்துக்கு ஒரு வீட்டைச் சம்பாதிச்சு வச்சிருந்தவங்க அம்மா. நடுவர் அவர்களே, இதைப் பலம்னு சொல்லாம வேற எதைச் சொல்றது?

அம்மா எப்பவும் சிரிச்ச முகமா விளக்கு ஏத்திக்கிட்டு இருந்தாங்கன்னு நான் சொல்லல. அண்டி ஆபீஸ் மாசக்கணக்குல பூட்டிக் கிடக்கும். கடையில பற்று ஏறும். அப்பாவோட பேச்சு முத்தும். அந்த மாதிரி நாள்ல அந்திக்கு விளக்கு கொளுத்தப் போற அம்மா வெளியே வர நேரமாகும். நாங்க திண்ணையில உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்போம். "தேவீ, நீ கண்ணு முழிச்சுத்தான் இருக்கியா? உனக்கு நான் என்ன கொறை வச்சேன்? ஒரு சனிக்கிழமையாச்சும் எனக்குக் கூலி முழுசா வந்துதா? சொல்லு, வாயைத் தொறந்து சொல்லு!" அப்படியே ஏசி முடிச்சிட்டு, முந்தானையால முகத்தைத் துடைச்சிட்டு வந்து, "வாங்க மக்களே, சோறு ஆறுது"ன்னு தட்டை வைப்பாங்க. அந்தக் கோபம் எங்க முதுகுல விழுந்திருக்கணும். விழல. அதைத் தாங்க அவங்களுக்கு தேவின்னு ஒருத்தி இருந்தா.

சாமியை ஏசலாமான்னு கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆற்றுக்கால்ல இருக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? மதுரையை எரிச்ச கண்ணகி, கன்னியாகுமரி வழியா கேரளத்துக்குப் போகும்போது அங்க தங்கினாங்கறதுதான் ஐதீகம். பொங்கலை நாள்ல தோற்றம்பாட்டுல அவ கதையைப் பாடுறாங்க. பாண்டியன் சாகிற இடம் வந்த பிறகுதான் முதல் அடுப்புல தீ வைக்கிறாங்க, அங்க இருந்துதான் மத்த அடுப்புகளுக்குத் தீ போகுது. அரசன் முகத்துக்கு நேரா நின்னு நியாயம் கேட்ட ஒருத்தியைத்தான் இத்தனை லட்சம் அம்மாமாரும் கும்பிடுறாங்க.

நம்ம மண்டைக்காட்டு பகவதி அம்மன் கோயிலையும் பாருங்க. மாசிக்கொடைத் திருவிழாவுக்குப் பொம்பளைகள் தலையில இருமுடி ஏத்திக்கிட்டு, கேரளத்துல இருந்தெல்லாம் வர்றாங்க. பிள்ளைக்குத் தலைவலின்னா மண்டையப்பம் நேர்ந்துக்கிடுறதும் அங்கதான். இந்த இருமுடியை அவங்களுக்காக வேற ஒருத்தர் கட்டிச் சுமக்கல.

உபவாசத்தைப் பத்தி எதிரணி சொன்னதை நான் முழுசா ஒத்துக்கிடுறேன். சர்க்கரை மாத்திரை போடுற அம்மா பட்டினி கிடக்கக்கூடாது. ஆனா பட்டினி கிடன்னு சொல்றது மதமா? கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்துல 60-ஆம் வயசு தொடங்கிட்டா நோன்புக் கடமை கிடையாது. ரமலான்ல நோயாளிக்கு விலக்கு உண்டு, பிறகு பிடிச்சுக்கிடலாம். நோன்பைத் தப்பவிட்டாலும் தைக்கும் மாசிக்கும் தவணை கொடுத்திருக்கு நம்ம ஔவையார் சொலவடை. வீட்டுல இருக்கிற நாம "அம்மா, மாத்திரை போட்டீங்களா, ஒரு வாய் சாப்பிட்டீங்களா"ன்னு கேட்கணும். அதைக் கேட்காத வீட்டோட குத்தத்தை நேர்ச்சை மேல போடக்கூடாது.

கடைசியா எதிரணித் தலைவர் வச்ச வாதம்தான் கனமானது. "எல்லாத்தையும் கடவுள் பார்த்துக்கிடுவார்னு அம்மா உக்காந்துடுறாங்க, தட்டிக் கேட்க வேண்டியதைக் கேட்கிறது இல்ல"ன்னார்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துக்கிட்டு இருந்த நாள்கள் அது. ரப்பர் மரமெல்லாம் முறிஞ்சு கிடந்தது, இந்த மாவட்டமே இருட்டுல கிடந்தது. கடலுக்குப் போனவங்க திரும்பல. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடின்னு கரை முழுக்க அம்மாமார் கோயில்லயும் கடற்கரையிலயும் காத்துக் கிடந்தாங்க. காலையில பூசைக்கும் அந்திக்கு ஜெபமாலைக்கும் தவறாத பொம்பளைகள் அவங்க. ஒரு வாரம் பொறுத்தாங்க. பிறகு ஆயிரக்கணக்குல கிளம்பி, பங்குச் சாமியார்மார் முன்னால நடக்க, குழித்துறை ரயில் நிலையத்துக்கு வந்து தண்டவாளத்துல உக்காந்தாங்க. காணாமப் போனவங்களைத் தேடுன்னு அரசாங்கத்துக்கிட்டக் கேட்டாங்க. ராத்திரி வரைக்கும் நகரல. அவங்களை ஒண்ணு சேர்த்தது எது? கட்சியா? சங்கமா? தினம் ஒண்ணா முழந்தாள் போட்ட அதே கோயில். பக்கத்து வீட்டுக்காரி மகன் பேரு தெரியும், எந்தப் படகுல போனான்னு தெரியும், ஏன்னா அவனுக்காகவும் சேர்த்துத்தான் இவ ஜெபம் சொல்லியிருக்கா. பக்தி அந்த அம்மாமாரை உக்கார வச்சதா, எழுப்பி விட்டதா, நீங்களே சொல்லுங்க.

அடுத்துப் பேச வர்ற எதிரணிப் பேச்சாளர் எனக்கு ஒரே ஒரு பதில் சொன்னாப் போதும். ஆம்பளைக்கு டீக்கடை இருக்கு, முக்கு இருக்கு, இந்த வாசகசாலைத் திண்ணை இருக்கு. கோயிலையும் நோன்பையும் ஜெபக்கூட்டத்தையும் எடுத்துட்டா, இந்த ஊர்ல ஒரு அம்மா தன் மனசுல உள்ளதைக் கொட்டறதுக்கு வேற இடம் எது? மகளிர் குழுன்னு சொல்லுவீங்க. நானும் குழுவுல இருக்கேன். தவணைக் கணக்கு முடியறதுக்குள்ள அடுத்த வீட்டுல குழந்தை அழுதிரும். வேற இடம் இருந்தாக் காட்டுங்க. காட்ட முடியலைன்னா, நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்க பக்கம் சொல்லணும்னு கேட்டுக்கிடுறேன்.

நன்றி, வணக்கம்.